தின்பண்டத்தை நிறுத்திய வீடு: கீழ்ப்பேராக் தோட்டப் பட்டணம் ஒன்றில் ஒரு மளிகைக் கணக்கு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் வட்டாரத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு பட்டணம். இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், அரசாங்கக் கிளினிக், வாரம் ஒரு நாள் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை. தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை வெட்டுகிறவர்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். இருந்தாலும் பழைய குடும்பங்கள் சில இன்னும் தோட்டத்து வீடுகளில்தான் இருக்கின்றன. நான் எழுதப்போவது அவற்றில் ஒன்றைப் பற்றி. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் ஆறு பேர். கணவர் பழம் வெட்டுகிறார். மனைவி பக்கத்துத் தொழிற்சாலையில் அரை நாள் துப்புரவு வேலை பார்க்கிறார். கணவரின் தாயாருக்கு நீண்ட காலமாக இனிப்பு நீர். இரவில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். மூத்த மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் ஆண்டு. மகனும் கடைக்குட்டியும் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும்.

2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. வெட்டுக்காரருக்கு டன் கணக்கில்தான் கூலி. வருடத் தொடக்கத்தில் குலைகள் குறைந்து போகும் மாதங்களில் இந்தத் தொகை காலுக்குக் கீழே ஒரு தரை மாதிரி. அதனால் அந்த வீட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று எதிர்பார்த்தார்கள். அதே மாதம் புதிய கல்வித் தவணையும் தொடங்கியது. மூன்று பிள்ளைகளுக்கும் சீருடை, காலணி, பை. மார்ச் முடிவில் சாமான் கடையில் கடனை எழுதும் 555 புத்தகத்தில் பாக்கி 640 ரிங்கிட்டில் நின்றது.

நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உதவித்தொகைப் பாரம் நிரப்ப, வங்கிக் கடிதம் படிக்க என்று ஆட்கள் வருவார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் வந்தார். பாரத்தை நிரப்பி முடித்த பிறகு அவர் கேட்டது வேறு: “டீச்சர், சம்பளமும் ஏறுச்சு, கடனும் ஏறுது. காசு எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியல.”

ஒரு மாதத்துச் செலவு

ஏப்ரலில் எதையும் மாற்ற வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள் என்றேன். கடைப் பற்று, பேரங்காடி ரசீது, கையில் கொடுத்த சில்லறை எல்லாம் ஒரே நோட்டில். நோட்டைப் பிடித்தது மூத்த மகள். பெரியவர்கள் மறைக்க நினைத்ததைக்கூட அவள் எழுதிவிட்டாள். தாத்தா நினைவுநாளுக்கு வாங்கிய லட்டுவும் அதில் இருந்தது.

எல்லாப் பிடித்தமும் போக வீட்டுக்கு வந்தது ஏறத்தாழ 2,300 ரிங்கிட். மளிகைக்கும் சாப்பாட்டுச் சாமானுக்கும் போனது 1,264. அரிசி, மாவு, எண்ணெய், சீனி, பருப்பு, மசாலை 318. மீன், கோழி, முட்டை 352. காய்கறி, பழம் 148. பால்மாவு, மைலோ, தேயிலை, பாலும் சீனியும் முன்பே கலந்த காப்பிப் பொட்டலம் 118. இதுவரைக்கும் யாருக்கும் வியப்பில்லை.

மிச்சம் 328 ரிங்கிட்டில்தான் வீடு அதிர்ந்தது. பிஸ்கட், பொட்டலத் தின்பண்டம், மிட்டாய், சாக்லெட், ஐஸ்கிரீம் 142. புட்டிப் பானமும் சிரப்பும் 61. சாயங்காலம் மோட்டாரில் வரும் ரொட்டி பாயிடம் வாங்கிய பன், கறிப்பப் 75. பசார் மாலாமில் தின்றது 50. மொத்தச் சாப்பாட்டுச் செலவில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். அந்த அம்மா “அறுபது, எழுபது வெள்ளி இருக்கும்” என்றார். ரிங்கிட்டைப் பேச்சில் வெள்ளி என்போம். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றரை வெள்ளி, இரண்டு வெள்ளி என்று போகிற காசு மனத்தில் பதிவதில்லை. பத்துக் கிலோ அரிசிக்குக் கொடுத்த காசு பதிகிறது.

இந்த 328-இல் சேராத இரண்டு செலவுகளும் நோட்டில் இருந்தன. பிள்ளைகளின் பள்ளிக் கைச்செலவு மாதம் 160. கணவர் வேலைக்காட்டில், அதாவது தோட்டத்தில் வேலை செய்யும் இடத்தில், வாங்கித் தின்றது 40. அப்போது அவற்றை யாரும் தின்பண்டக் கணக்காகப் பார்க்கவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.

எந்த நாளில் எவ்வளவு என்று பார்த்தபோது ஓர் ஒழுங்கும் தெரிந்தது. சம்பளம் கையில் வந்த முதல் வாரத்தில் பேரங்காடியில் பெரிய பொட்டலங்கள் வாங்கினார்கள். அது நான்கைந்து நாளில் தீர்ந்தது. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோது அதே பண்டங்களைச் சின்னப் பொட்டலமாகக் கடன் கடையில் வாங்கினார்கள். எடைக்கு எடை பார்த்தால் சின்னப் பொட்டலத்தின் விலை அதிகம். ஆக, தின்பண்டத்துக்கு மிக அதிக விலை கொடுத்தது காசு மிகக் குறைவாக இருந்த வாரத்தில்தான்.

முதல் முடிவு: அடியோடு நிறுத்துவது

கணக்கைப் பார்த்த அன்றே கணவர் முடிவு சொல்லிவிட்டார். மே மாதத்திலிருந்து பிஸ்கட் இல்லை, பொட்டலம் இல்லை, புட்டித் தண்ணீர் இல்லை, பாயிடம் வெறும் ரொட்டி மட்டும். மாதம் 300 வெள்ளி மிச்சம், இரண்டு மாதத்தில் கடன் அடைந்துவிடும் என்றார். மனைவிக்கும் சம்மதம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முடிவுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்றால் தினமும் ஒரு வாக்குவாதம் வரும். ஒரேயடியாக நிறுத்தினால் பேச்சே இல்லை. பாட்டிக்கு இனிப்பு நீர் இருக்கும் வீட்டில் இனிப்பு குறைவது நல்லதுதானே என்ற எண்ணமும் இருந்தது. 2023-இன் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விழுக்காடு எல்லாரையும் விட அதிகம். இந்தப் பட்டணத்தில் கிளினிக்கின் நீரிழிவு நாளன்று வரிசையில் உட்கார்ந்தால் அந்த ஆய்வு சொல்வது கண்ணுக்கே தெரியும்.

மே மாதம் நடந்தது

மாத முடிவில் தின்பண்ட வரிகள் 328-லிருந்து 46 ஆக இறங்கியிருந்தன. தாளில் 282 ரிங்கிட் மிச்சம். கையில் நின்றதோ 82.

முதல் ஓட்டை வேலைக்காட்டில். வெட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு முன்பே இறங்குகிறார். நீண்ட அரிவாளை அண்ணாந்து இழுத்து, இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பாதையோரம் கொண்டுவந்து அடுக்க வேண்டும். பத்து மணிக்கு வரும் பசி, சும்மா வாய் கேட்கும் பசி இல்லை. இதுவரை பையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் சீனி போட்ட தேநீரும் போய்க்கொண்டிருந்தன. மே மாதத்தில் பிஸ்கட் நின்றது. அதன் இடத்தில் வேறு எதுவும் பையில் ஏறவில்லை. அவர் சாலையோரக் கடையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் சிரப்பும் வாங்கித் தின்றார். மாதம் 40 ஆக இருந்த செலவு 150 ஆனது. தாம்தான் தடையைக் கொண்டுவந்தவர் என்பதால் இதை வீட்டில் சொல்லவும் அவருக்கு நா எழவில்லை. மகள் கேட்டபோதுதான் வெளியில் வந்தது.

இரண்டாவது ஓட்டை பிள்ளைகள். கைச்செலவை ஏற்றித் தரும்படி கெஞ்சிக் கெஞ்சி 29 ரிங்கிட் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். மகன் ஒருபடி மேலே போனான். கடைக்காரரிடம் “அப்பா எழுதிக்கச் சொன்னாரு” என்று 23 ரிங்கிட்டுக்கு நொறுக்குத் தீனி வாங்கியிருந்தான். சம்பள நாளில் 555 புத்தகத்தைத் திறந்தபோது அப்பாவின் பெயரில் சூப்பர் ரிங் என்ற நொறுக்குத் தீனி வரிசையாக எழுதியிருந்தது. அடி விழவில்லை, ஆனால் அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அரசாங்கத்தின் துணை உணவுத் திட்டத்தில் சாப்பாடு கிடைக்கிறது. பள்ளியில் பசி அடங்கிவிடும். அவர்கள் கையில் இருந்த இரண்டு வெள்ளி முழுக்க முழுக்கப் பள்ளி வாசலுக்கு வெளியே செலவாகும் காசு. வீட்டு அலமாரியைப் பூட்டிவிட்டு அந்தக் காசை ஏற்றிக் கொடுத்தது, முன் கதவைச் சாத்திப் பின் கதவைத் திறந்துவிட்ட வேலை.

மூன்றாவது, நாலு மணிப் பசி. பள்ளி விட்டு வந்து மத்தியானச் சாப்பாடு முடித்த பிள்ளைகள் நாலு மணிக்கு மறுபடி சமையலறைக்கு வருவார்கள். பிஸ்கட் இல்லாததால் மேகி வேகவைத்து முட்டை உடைத்து ஊற்றினார்கள். அதில் 38 ரிங்கிட் போனது.

பாட்டிக்கு நடந்தது

மே மாத நடுவில் ஒரு விடியற்காலையில் பாட்டிக்கு உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. வீட்டில் இருந்த கருவியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சீனி லிட்டருக்கு 3.4 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனால் தாழ்வு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தது பேத்திக்கு நினைவிருந்தது. மூன்று தேக்கரண்டிச் சீனியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். ஏறியிருந்தது. ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்தாள். விடிந்ததும் கிளினிக்குக் கூட்டிப்போனார்கள்.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பாட்டி பல வருடமாகப் படுக்கும் முன் நாலு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைச் சீனியில்லாப் பாலில் தொட்டுச் சாப்பிடும் வழக்கம். இரவில் போடும் ஊசி விடிவதற்குள் வேலை செய்யும். அந்த நாலு பிஸ்கட் அதற்கு ஒரு தாங்கல். மே மாதத்தில் பிஸ்கட் டின் காலியானபோது பாட்டி யாரிடமும் கேட்கவில்லை. “புள்ள கஷ்டப்படுறான், நாம ஏன் ரெண்டு பிஸ்கட்டுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். இராச் சாப்பாட்டையும் அவர் குறைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். படுக்கும் முன் சாப்பிடுவதை நிறுத்தக் கூடாது என்று தாதியும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் மருமகளுக்கு அரை நாள் கூலியும், மகனுக்கு ஒரு நாள் வெட்டும் போயின.

இந்த நிகழ்வு முழுவதிலும் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். கணக்குப் புத்தகத்தில் “பிஸ்கட்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தது உண்மையில் மூன்று வேறு பொருள்கள்: வெட்டுக்காரருக்குக் காலை உணவின் பாதி, பாட்டிக்கு மருந்தின் ஒரு பகுதி, பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி முன் பொழுதுபோக்கு. வரியை மொத்தமாக அடித்தபோது மூன்றும் சேர்ந்து போயின. மூன்றாவதை மட்டும் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு

ஜூன் தொடக்கத்தில் அவர்கள் வீட்டு ஐந்தடியில், அதாவது முன் வராந்தாவில், எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். இந்த முறை பாட்டியிடம் தனியாகக் கேட்டோம். பிள்ளைகளும் கூட இருந்தார்கள்.

பாட்டிக்கு என்று ஒரு சின்ன டின் ஒதுக்கப்பட்டது. அதில் கிரீம் கிராக்கர் மட்டும். மற்றவர்கள் தொடக்கூடாது, தீர்ந்தால் யாரும் சொல்லாமலே வாங்கி நிரப்ப வேண்டும்.

கணவரின் பைக்குச் சாப்பாடு திரும்பி வந்தது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நிற்கிறது. அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும், அல்லது இரவே பிசைந்து வைத்த மாவில் சுட்ட ரொட்டி, அல்லது அவித்த கச்சான் (நிலக்கடலை). தேநீரில் சீனி அப்படியே இருந்தது. அதையும் குறைக்கலாமே என்று மகள் கேட்டாள். அந்த உழைப்பில் இருக்கிறவருக்கு அந்தச் சீனி வீணாவதில்லை. அதோடு கட்டுப்பாட்டு விலையில் ஒரு கிலோ சீனி 2 ரிங்கிட் 85 காசு, அதில் மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. காப்பிப் பொட்டலத்தை மட்டும் நிறுத்தித் தேயிலைக்கு மாறினார்கள்.

புட்டிப் பானம் முழுதாக நின்றது. இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. பசியை அடக்காத பொருள், விலையும் கூடிக்கொண்டே போகிறது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கிய வரி, 2025 ஜனவரியில் 90 காசாகிவிட்டது. ஒன்றரை லிட்டர்ப் புட்டி ஒன்றில் வரி மட்டும் 1 ரிங்கிட் 35 காசு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது மகன். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு நல்ல பயிற்சி. அதன்பிறகு புட்டி கேட்டு அவன் வாய் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வீட்டிலேயே ஏதாவது ஒன்று. கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, சர்க்கரைவள்ளி, பின்வாசல் வாழை தாறு போட்டால் மாவில் தோய்த்துப் பொரித்த பழம். வாரத்தில் ஒரு நாள், பசார் மாலாம் நாளில், ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ரிங்கிட். என்ன வாங்குவது என்பது அவர்கள் விருப்பம், யாரும் குறை சொல்லக்கூடாது. இந்த விதியைக் கேட்டவர்கள் பிள்ளைகள்தான். பேச்சில் மிக நீண்ட நேரம் போனதும் இதில்தான். அப்பா இரண்டு வெள்ளியில் நின்றார், கடைக்குட்டி ஐந்தில் நின்றாள். கைச்செலவு பழைய அளவுக்கே திரும்பியது.

கடன் கடையில் இனி அம்மா வந்து சொன்னால் மட்டும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசினார்கள். அவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார். ரொட்டி பாயிடம் பேசுவதுதான் அந்த அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. தினமும் வாசலில் ஹாரன் அடித்து நிற்பவர், பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். “பாய், கொஞ்ச நாளைக்கு வாரத்துல ரெண்டு தடவ ரொட்டி மட்டும் எடுத்துக்கறோம்” என்றதும் அவர், “அதுக்கென்னம்மா, நான் அந்த ரெண்டு நாளு மட்டும் நிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற நாள்களில் அந்த வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடிப்பதில்லை.

யார் கையால் ஆன சேமிப்பு

ஜூன் கணக்கு நன்றாக இருந்தது, ஜூலை இன்னும் நன்றாக. ஆனால் ஜூலை கடைசியில் மூத்த மகளின் வகுப்பாசிரியர், பிள்ளை வீட்டுப்பாடம் முடிக்காமல் வருகிறாள் என்று சொல்லி அனுப்பினார். விசாரித்தால், சுண்டல் ஊறவைப்பது, கிழங்கு உரிப்பது, மாவு பிசைவது, தம்பி தங்கைக்குக் கொடுத்துப் பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தன. அம்மா வேலை முடிந்து வந்து துணி துவைத்து இராச் சமையலுக்கு நிற்கிறார். நாலு மணிக்கு அடுப்படியில் நிற்க இருந்தது அவள் ஒருத்திதான்.

தின்பண்டத்தை வீட்டிலேயே செய்தால் மலிவு என்று எல்லாரும் சொல்கிறோம். மலிவுதான், ஏனென்றால் செய்கிற பெண்ணின் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. பொட்டலத் தின்பண்டம் விற்பதில் பாதி அந்த நேரத்தைத்தான். இதைக் கணக்கில் எடுக்காத சிக்கன ஆலோசனை எதையும் நான் நம்புவதில்லை.

ஆகஸ்டில் ஏற்பாட்டை மாற்றினார்கள். பயறு, கடலை, கச்சானை ஞாயிறன்று மொத்தமாக அவித்துக் குளிர்பெட்டியில் பிரித்து வைப்பது. அதைச் செய்வது அப்பாவும் மகனும். வாரநாளில் தாளிக்க மட்டும்தான் அடுப்பு பற்றவைக்க வேண்டும், அதுவும் முறை வைத்து. இரண்டு நாள் வெறும் பழம், அடுப்பே வேண்டாம். அப்பா கரண்டி பிடிப்பதைப் பார்த்துப் பாட்டி முதலில் முகம் சுளித்தார். ஆனால் சுண்டலுக்குக் கடுகு வெடிக்கும் பதத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

ஆகஸ்ட் மாதத்துக் கணக்கு

தின்பண்டம் சார்ந்த செலவு 328-லிருந்து 121. அதில் பாட்டியின் பிஸ்கட்டும் வெட்டுக்காரர் பைக்கு வாங்கியதும் 34, பிள்ளைகளின் வாரப் பங்கு 36, பாயிடம் ரொட்டி 26, பயறு கச்சான் வகை 25. வேலைக்காட்டுச் செலவு 40-லிருந்து 22 ஆக இறங்கியது. மறுபக்கம், எண்ணெய் கூடுதலாக இரண்டு பொட்டலம் ஆனது. மானிய விலையில் ஐந்து ரிங்கிட். 26 ரிங்கிட் 60 காசுச் சமையல் வாயுத் தோம்பு முன்பு ஆறு வாரம் வந்தது, இப்போது ஐந்து வாரம். அதனால் மாதம் ஏறக்குறைய நாலு ரிங்கிட். எல்லாம் கழித்து மிச்சம் 216.

இந்த இடத்தில் கவனம் தேவை. ஜூலையிலிருந்து குலைகள் கூடும் பருவம். கணவரின் சம்பளமும் ஏறியது. ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் அரசாங்கம் ஒருமுறை உதவியாக 100 ரிங்கிட்டை மைகார்டு என்னும் அடையாள அட்டை வழி கொடுத்தது. அரிசி, முட்டை, எண்ணெய் போன்ற அடிப்படைச் சாமானுக்குப் பயன்படுத்தலாம். இந்த வீட்டில் மூன்று பெரியவர்கள், ஆக 300. இவற்றையும் சேர்த்துத் தின்பண்டத்தை நிறுத்தியதால் வந்த சேமிப்பு என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டில் தனித்தனியாக எழுத வைத்தோம்.

செப்டம்பர் முதல் வாரச் சம்பளத்தில் 555 புத்தகப் பாக்கி முழுவதும் அடைந்தது.

கடன் தீர்ந்ததில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாக்கி இருக்கும்வரை அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகக் கூச்சம். விலை கூடுதலாக இருந்தாலும் அரிசி, மீன் டின், பால்மாவு எல்லாம் அங்கேதான். பாக்கி தீர்ந்த பிறகு மாதச் சாமானைத் தெலுக் இந்தான் பேரங்காடியில் பட்டியல் போட்டு வாங்கத் தொடங்கினார்கள். செப்டம்பரில் அந்த வகையில் மட்டும் 70 ரிங்கிட் குறைந்தது. தின்பண்டத்தில் மிச்சம் பிடித்த காசு, அதைவிட நீடித்து நிற்கக்கூடிய இன்னொரு மிச்சத்துக்கு வழிவிட்டது. ஆனாலும் அவர்கள் பழைய கடையைக் கைவிடவில்லை. காய்கறி, தேங்காய், முட்டை இன்னும் அங்கேதான், ரொக்கத்துக்கு. கோவிட் நேரத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் அரிசி கொடுத்த கடை அது. அந்தக் கணக்கை நோட்டில் எழுத முடியாது என்று அந்த அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை.

தீபாவளி

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. ஒரு மாதம் முன்பே வீட்டில் பிளவு. இந்த வருடம் பலகாரத்தையும் நிறுத்திவிடலாமா என்று மகன் விளையாட்டாகக் கேட்டான். “பலகாரம் இல்லாம வர்றவங்கள எந்த மூஞ்சியோட உக்காரச் சொல்றது?” என்றார் பாட்டி. பேச்சு அதோடு முடிந்தது, முடிந்ததும் சரிதான்.

முந்தைய வருடம் பாதியைச் சொந்தமாகச் செய்து, பாதியை ஆள் வைத்துச் செய்து வாங்கியதில் 380 ரிங்கிட் வரை ஆனதாகச் சொன்னார்கள். இந்த முறை அதே வரிசையில் உள்ள மூன்று வீடுகள் சேர்ந்து இரண்டு ஞாயிறுகளில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்தன. மாவு, எண்ணெய், நெய் எல்லாம் பங்கு. இந்த வீட்டின் பங்கு 210. பாட்டிக்காக ஓமப்பொடி தனியாகச் செய்தார்கள்.

தீபாவளிக்குப் பிறகு கட்டு தளர்ந்தது. விருந்தாளிகள் கொண்டுவந்த புட்டிப் பானங்கள் தீர்ந்ததும் புதிதாக இரண்டு வாங்கினார்கள். பாய் மறுபடி தினமும் நின்றார். நவம்பரில் தின்பண்டச் செலவு 190-க்கு ஏறியது. டிசம்பரில் 140-க்கு இறங்கியது. ஆகஸ்டின் 121-க்கு அது திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 140-இல் அந்த வீடு முணுமுணுப்பில்லாமல் ஓடுகிறது.

பாட்டியின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு முன்பைவிடக் குறைந்திருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். ஊசியின் அளவும் மாறியது, நடையும் கூடியது, வீட்டில் இனிப்பும் குறைந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

மறுபடி செய்வதானால்

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால், அலமாரியில் கைவைக்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இதை எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பேன். வீட்டில் குறைவாகப் பேசுகிறவர் யாரோ, அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் பாட்டிமார் “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றுதான் சொல்வார்கள்.

எழுதி வைக்கும் மாதத்தில் மளிகையோடு கைச்செலவையும் வேலையிடச் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்வேன். ஏப்ரல் நோட்டில் அவை வேறு பக்கத்தில் இருந்தன. மே மாதம் காசு அங்கே ஓடியபோது மகளுக்குத் தவிர யார் கண்ணிலும் படவில்லை.

தொடங்குவது புட்டிப் பானத்தில். முதல் மாதம் அது ஒன்று போதும். இரண்டாவது மாதம் பிள்ளைகளின் பொட்டலம், அதுவும் நாலு மணிக்கு மாற்றாக என்ன, அதை யார் செய்வது என்று பெயர் போட்டு எழுதிய பிறகு. வெட்டுக்காரர் பையைத் தொடவே வேண்டாம். அதில் ஏதாவது கூடுதலாகப் போட முடியுமா என்று பார்க்கலாம்.

குலை குறையும் மாதத்தில் தொடங்கினால் எல்லாரும் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பார்கள். ஆகஸ்டில் தொடங்கியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது என்று அந்த அம்மா நினைக்கிறார். கணவர் ஒத்துக்கொள்வதில்லை. கையில் காசு இருக்கும்போது யார் தொடங்குவார்கள் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நோட்டு இப்போது மகனிடம். புதிய தவணையில் மூத்தவள் படிவம் நான்கு. சாயங்கால டியூஷனுக்குப் பேருந்தில் போக வேண்டும்; வழியில் ஏதாவது சாப்பிட நாளுக்கு ஐந்து ரிங்கிட் கேட்டிருக்கிறாள். அது கைச்செலவா, சாப்பாடா, தின்பண்டமா, எந்த வரியில் எழுதுவது என்று மகன் என்னிடம் கேட்டான். அக்கா எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று முதலில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.